மலைநாட்டு மனிதர்கள் – 12: தண்ணீர் இறங்கும் ஊருக்கு ஓர் ஆசிரியர்

நீலகிரியில் எமரால்டை அடுத்த காட்டுக்குப்பையில், மலையின் வயிற்றுக்குள் ஒரு மின்நிலையம் உருவாகிவருகிறது. மேலே போர்த்திமந்து அணை. கீழே அவலாஞ்சி, எமரால்டு அணைகள். நடுவில் பாறையைக் குடைந்து 125 மெகாவாட் வீதம் நான்கு இயந்திரங்கள், மொத்தம் 500 மெகாவாட். குந்தா மலைகளில் ஏற்கெனவே இருக்கும் மின்நிலையங்கள் தண்ணீரை ஒருமுறை இறக்குவதோடு சரி. இது இறக்கிய தண்ணீரைத் திரும்ப ஏற்றவும் செய்யும். பகலில் சூரிய மின்சாரம் தேவைக்கு மேல் கிடைக்கும்போது அதைக்கொண்டு கீழணைத் தண்ணீரை மேலணைக்குத் தள்ளும். மாலையில் ஊரெல்லாம் விளக்குப் போடும் நேரம் அதே தண்ணீரை இறக்கி மின்சாரமாகத் தரும். நூறு யூனிட் செலவழித்து ஏற்றினால் எழுபத்தைந்திலிருந்து எண்பது யூனிட் வரை திரும்பக் கிடைக்கும். மிச்சம் போவது போனதுதான். ஆனாலும் இது லாபம். ஏனென்றால் மதியம் மிஞ்சிப்போகும் மின்சாரத்தைச் சாயங்காலம் வரை பெருமளவில் வைத்துக்கொள்ளும் வழிகள் உலகத்தில் மிகக் குறைவு.

வெயிலையும் காற்றையும் நம்பி மின்சாரம் எடுக்கக் கிளம்பிய எல்லா நாடுகளையும் இன்று வாட்டும் கேள்வி இதுதான்: கிடைக்கும்போது கிடைப்பதை எங்கே சேர்த்துவைப்பது? அந்தக் கேள்விக்கான விடைகளில் ஒன்று, எமரால்டுப் பக்கத்துப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் பேருந்தின் ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது. எதிர்காலத் தொழில்நுட்பம் என்றதும் பெங்களூரையும் கலிஃபோர்னியாவையும் நினைத்துக்கொள்கிறோம். அது இங்கே வந்து இறங்கிவிட்டது. அதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு அது என்னவென்று விளக்கிச் சொல்ல ஒருவர் வேண்டும். இந்த வாரம் அவரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

நிலை ஆற்றல் என்று பாடப்புத்தகத்தில் ஒரு பகுதி வரும். நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கு என்று சூத்திரம். தேர்வுக்கு மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துபோகும் பகுதி. குந்தாவில் அதை மறக்க முடியாதபடி நடத்தலாம். ஆயிரம் லிட்டர் தண்ணீர் நூறு மீட்டர் கீழே விழுகிறது. 1000 பெருக்கல் 9.8 பெருக்கல் 100. ஒன்பது லட்சத்து எண்பதாயிரம் ஜூல். நம் வீட்டு மீட்டரில் ஓடும் ஒரு யூனிட் என்பது முப்பத்தாறு லட்சம் ஜூல். அப்படியானால் அந்த ஆயிரம் லிட்டர் தந்தது கால் யூனிட்டுக்குச் சற்று மேல். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அரசு நமக்கு இலவசமாகத் தரும் 100 யூனிட்டுக்கு, இழப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஏறக்குறைய நான்கு லட்சம் லிட்டர் தண்ணீர் நூறு மீட்டர் இறங்க வேண்டும். இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியபின், ‘நம்ம ஊர்ல தண்ணி இறங்குற உயரம் இதைவிடப் பல மடங்கு. அப்ப எவ்வளவு தண்ணி போதும்?’ என்று கேட்டுவிட்டு ஆசிரியர் பேசாமல் நின்றால் போதும். பின்வரிசையில் இருப்பவனும் நோட்டை எடுப்பான். உயரம் கூடினால் தண்ணீர் குறைவாகப் போதும் என்று அவனே கண்டுபிடிக்கும் அந்த நொடியில்தான் ஒரு பொறியாளர் பிறக்கிறார். கல்லூரியில் சேரும் நாளில் அவர் பிறப்பதில்லை.

இந்த மலைக்கும் கல்விக்கும் உள்ள கணக்கு பழையது. 1932இல் பைக்காராவிலிருந்து மின்சாரம் இறங்கியது. கோவையின் நூற்பாலைகள் அதில் பெருகின. ஆலைகள் பெருகியதும் மோட்டாரும் பம்பும் செய்யத் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். 1926லேயே பி.எஸ்.ஜி. குடும்பத்தின் அறநிலையம் தொடங்கியிருந்த தொழிற்கூடம் வளர்ந்தது. 1951இல் பொறியியல் கல்லூரியும் வந்தது. அதை எழுப்பி, அதன் முதல்வராக இருந்து நடத்திய ஜி.ஆர். தாமோதரன் இங்கிலாந்தில் மின்பொறியியல் படித்துத் திரும்பியவர். ஆலைத் தொழில் செழித்த குடும்பத்தில் பிறந்தவர் அவர்; இன்னொரு ஆலையைத் தொடங்கியிருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். அவர் ஆசிரியரானார். அதோடு நிற்காமல், விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்ல ‘கலைக்கதிர்’ என்ற மாத இதழையும் நடத்தினார். கோவை வட்டாரத்துப் பட்டறைகளில் அந்த இதழைப் புரட்டிய கைகள் எத்தனை என்று யாரும் எண்ணிவைக்கவில்லை. அந்த ஊரின் பம்பு இந்தியா முழுவதும் தண்ணீர் இறைத்ததில் அந்தக் கல்லூரியின் வகுப்பறைகளுக்கும் பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பைக்காராவுக்குப் பிறகு குந்தா. கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா கை கொடுக்க, 1950-களின் நடுவில் வேலை தொடங்கியது. காமராஜர் முதல்வராக இருந்த காலம். பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியதும் இதே காலத்தில்தான். அணைக்கும் அடுப்புக்கும் ஒரே ஆட்சி ஒரே நேரத்தில் பணம் ஒதுக்கியது. குந்தா பாலத்தில் 60 மெகாவாட், கெத்தையில் 175, பரளியில் 180, பில்லூரில் 100 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக மின்நிலையங்கள் வந்தன. பிறகு மேலே இன்னும் இரண்டு. ஆறும் சேர்ந்து 585 மெகாவாட். அந்த மின்சாரம் சமவெளிக்குப் போனது. கொஞ்ச காலம் கழித்து, படித்த பிள்ளைகளும் அதே வழியில் போனார்கள். கெத்தைச் சாலையின் நாற்பத்து மூன்று கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிக் கோவைக்குப் போய்ப் படித்தவர்களில் திரும்பி ஏறியவர்கள் கொஞ்சம் பேர்தான்.

அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கும் விலையைப் பார்த்தவர்கள் குறை சொல்ல முடியாது. குந்தா வட்டத்தின் மஞ்சூர் பஜாரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, படித்த பையன்களிடம் பேச்சுக் கொடுத்தால் பதில் ஒரே மாதிரிதான் வரும். “பி.எஸ்சி. முடிச்சுட்டு ஐ.டி. கம்பெனிக்குப் போனா மாசாமாசம் சம்பளம், அண்ணா. பி.எட். படிச்சா ரெண்டு வருஷம் செலவு, அப்புறம் டெட், அப்புறம் இன்னொரு பரீட்சை. யாரு காத்துக்கிட்டு இருக்குறது?” கேள்வி நியாயமானது. அதற்குப் பிறகு அவர்கள் சொல்லும் இன்னொரு வாக்கியத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. “டெக்னாலஜியில ஏதாவது பண்ணணும்னா வாத்தியார் வேலைக்குப் போகக் கூடாது.”

இந்த எண்ணத்துக்கு எதிராக நான் வைக்கும் பெயர் வைத்தீஸ்வரன் ராஜாராமன்.

1933இல் ஈரோட்டில் பிறந்தவர். டெல்லியில் படித்து, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்தார். 1950-களின் நடுவில் அங்கே அமெரிக்காவிலிருந்து வருகைப் பேராசிரியராக வந்திருந்த வின்சென்ட் ரைட்அவுட், ஒப்புமைக் கணினி ஒன்றை அமைக்கும் வேலையைத் தொடங்கிவைத்தார். இளைஞர் ராஜாராமன் அதற்கான மின்னணுச் சுற்றுகளைத் தன் கையால் செய்தவர்களில் ஒருவர். அதாவது, இந்தியாவில் கணினி என்ற சொல்லே அரிதாக இருந்தபோது கணினியின் உறுப்புகளைச் செய்தவர். பிறகு எம்.ஐ.டி., அதன்பின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம், அங்கேயே உதவிப் பேராசிரியர் வேலை. அமெரிக்காவில் கணினித் தொழில் பெருவெள்ளமாகக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம் அது. அங்கேயே இருந்திருந்தால் புதிய இயந்திரங்களின் நடுவே வாழ்ந்திருக்கலாம். 1963இல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஆசிரியராக வந்துவிட்டார்.

அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் கான்பூருக்கு ஐ.பி.எம். 1620 என்ற இயந்திரம் வந்தது. அட்டையில் துளை போட்டு அதற்குக் கட்டளை கொடுக்க வேண்டும். இந்தியா முழுவதும் அன்று இருந்த கணினிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இருந்த ஒன்றிரண்டையும் கண்ணாடி அறைக்குள் பூட்டிவைத்து, பழக்கப்பட்டவர்கள் மட்டும் தொடலாம் என்பதுதான் பல இடங்களில் வழக்கம். கான்பூரில் மாணவர்களை உள்ளே விட்டார்கள். இளநிலை மாணவரே நிரல் எழுதி, அட்டை துளைத்து, ஓட்டிப் பார்க்கலாம். ராஜாராமனும் எச்.என். மகாபலாவும் மற்ற ஆசிரியர்களும் சேர்ந்து, நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்த விஞ்ஞானிகளுக்கும் கல்லூரி ஆசிரியர்களுக்கும் சில நாட்களில் நிரலெழுதக் கற்றுத்தரும் குறுகிய வகுப்புகளை எடுத்தார்கள். 1960-களின் நடுவில் எம்.டெக். படிப்பில் கணினி அறிவியலை ஒரு பிரிவாகச் சேர்த்தார்கள். அந்தப் பாடத்துக்கு இந்தியாவில் பெயர்கூடப் பழகாத காலம்.

பாடம் நடத்தப் புத்தகம் வேண்டுமே! வெளிநாட்டுப் புத்தகம் மாணவன் வாங்கக்கூடிய விலையில் இல்லை. ராஜாராமன் வகுப்புக் குறிப்புகளை விரித்து எழுதினார். 1969இல் அது நிரலாக்கக் கோட்பாடுகள் பற்றிய புத்தகமாக, குறைந்த விலையில் வெளிவந்தது. அதன்பின் ஃபோர்ட்ரான், சி, எண்சார் முறைகள், தகவல் அமைப்புகள், கணினி அடிப்படைகள் என்று எழுதிக்கொண்டே இருந்தார். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தமிழ்நாட்டின் எந்தக் கல்லூரி நூலகத்தில் நுழைந்தாலும் முனை மடங்கி, அட்டை கிழிந்து, பல கை மாறிய ராஜாராமன் புத்தகம் ஒன்று இருக்கும். கணினியை இன்னும் கண்ணால் பார்க்காத மாணவர்கள்கூட அதைப் படித்துத் தாளில் நிரல் எழுதிப் பழகினார்கள்.

எனக்கு அவர் செய்தவற்றில் மிகப் பெரியதாகத் தோன்றுவது வேறு ஒன்று. கணினித் துறைக்குத் தேவைப்படும் ஆட்களை எப்படி உருவாக்குவது என்று ஆராய மத்திய அரசின் மின்னணு ஆணையம் அமைத்த குழுவுக்கு அவர் தலைவராக இருந்தார். பொறியியல் கல்லூரிகள் மட்டும் போதாது, கணிதமும் இயற்பியலும் வணிகமும் படித்த பட்டதாரிகளுக்கும் ஒரு வாசல் திறக்க வேண்டும் என்ற சிந்தனை அங்கே உருவம் பெற்றது. எம்.சி.ஏ. படிப்பு அப்படித்தான் 1980-களின் தொடக்கத்தில் வந்தது. ஊட்டி அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. படித்த ஒரு தேயிலை விவசாயியின் மகள், பொறியியல் கட்டணம் கட்ட வழியில்லாதவள், எம்.சி.ஏ. முடித்து மென்பொருள் நிறுவனத்தில் நுழைந்தாள் என்றால் அந்த வாசலைத் திறந்தவர்களில் ஓர் ஆசிரியர் முன்னால் நின்றார். ஒரு கணினியை அவர் வடிவமைத்திருந்தால் அது பத்து வருடத்தில் அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கும்.

கான்பூரில் 1969இல் எம்.டெக். முடித்தவர் நாராயண மூர்த்தி. மகாபலா பின்னர் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்தார், அங்கே அவரிடம் படித்தவர் கிரிஸ் கோபாலகிருஷ்ணன். இருவரும் வேறு சிலரோடு சேர்ந்து தொடங்கிய இன்ஃபோசிஸில் எத்தனை லட்சம் பேர் வேலை பார்த்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். குந்தா பாலத்தில் இறங்கிய தண்ணீரே கெத்தையிலும் பரளியிலும் பில்லூரிலும் மறுபடி மறுபடி மின்சாரம் தருவதுபோல, ஒரு வகுப்பில் சொன்னது நான்கு தலைமுறை வரை வேலை செய்துகொண்டிருக்கிறது.

அதே 1963ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து திரும்பிய இன்னொருவரின் கதை நமக்கு இன்னும் பக்கம். உதகையிலிருந்து எமரால்டுப் பக்கம் வரும் வழியில் முத்தோரை பாலாடாவில் சரிவோடு சரிவாகப் படுத்திருக்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பார்க்காதவர்கள் குந்தாவில் இருக்க மாட்டார்கள். ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்று, ஹோமி பாபா அழைத்ததும் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்த கோவிந்த் ஸ்வரூப் அதை அமைத்தார். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 24 பரவளையச் சட்டங்கள்மேல் 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள். 1970இல் அது வேலை செய்யத் தொடங்கியது.

ஏன் இந்த மலைச்சரிவு? உதகையின் அட்சரேகை ஏறக்குறைய பதினொன்றரை டிகிரி. வடக்கு தெற்காக ஏறத்தாழ அதே அளவு சாய்ந்த ஒரு சரிவைத் தேடிப் பிடித்தார்கள். அதன்மேல் கிடத்தினால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். பூமி சுழலும்போது அதற்கு எதிர்த்திசையில் தொலைநோக்கியை அந்த ஓர் அச்சைச் சுற்றி மட்டும் திருப்பினால் போதும், ஒரு விண்மீன் மண்டலத்தை ஒரே நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் விடாமல் பின்தொடரலாம். பெரும் செலவு பிடித்திருக்கக்கூடிய இயந்திர வேலையை ஒரு மலையின் சாய்வு செய்துகொடுத்தது. இணைகோடுகளும் கோணங்களும் நடத்தும் கணித ஆசிரியருக்கு இதைவிட நல்ல உதாரணம் உலகத்தில் எங்கே கிடைக்கும்? பாடப்புத்தகத்தில் இது இல்லை. ஆசிரியர்தான் கொண்டுவர வேண்டும்.

அதைக் கட்டியவர்களில் பெரும்பாலோர் அனுபவசாலிகள் இல்லை. அணுசக்தித் துறையின் பயிற்சிப் பள்ளியிலிருந்து நேராக வந்த இளைஞர்கள் பலர். ரேடியோ வானியலை இங்கே, இந்தக் குளிரில், வேலை செய்துகொண்டே கற்றார்கள். முத்தோரையில் கற்றவர்கள்தான் பிறகு புனேக்கு வடக்கே 45 மீட்டர் விட்டமுள்ள முப்பது கிண்ணங்களைக் கொண்ட மாபெரும் தொலைநோக்கியை எழுப்பினார்கள். ஸ்வரூப் தன் முதுமையில் எதற்காக அலைந்தார் தெரியுமா? பள்ளி முடித்த பிள்ளைகள் அறிவியலை ஐந்து ஆண்டு தொடர்ச்சியாக, ஆராய்ச்சியாளர்களிடமே படிக்கும் கல்விக்கூடங்கள் வேண்டும் என்று இயற்பியலாளர் வி.ஜி. பிடேயோடு சேர்ந்து திட்டம் தீட்டி, கதவு கதவாகத் தட்டினார். இன்று திருப்பதியிலும் திருவனந்தபுரத்திலும் புனேயிலும் நாம் பார்க்கும் ஐசர் நிறுவனங்களுக்கு முன்னோடியான யோசனைகளில் அதுவும் ஒன்று. உலகப் புகழ்பெற்ற இரண்டு தொலைநோக்கிகளை அமைத்த மனிதருக்குக் கடைசியில் பள்ளிக்கூடம்தான் முக்கியமாகப்பட்டது.

சரி, மஞ்சூரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு வருவோம். அவனிடம் ராஜாராமன் கதையைச் சொல்லிவிட்டு நடையைக் கட்டுவது நியாயமாகாது. வழி எப்படி இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

பட்டப்படிப்பு மூன்று ஆண்டு. பி.எட். இரண்டு ஆண்டு. பிறகு டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வு. அதில் தேறினாலும் வேலை உறுதியில்லை. ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் நியமனத் தேர்வு ஒன்று தனியாக இருக்கிறது. மேல்நிலை வகுப்புகளுக்கு என்றால் முதுநிலைப் பட்டமும் அதற்கான தேர்வும். பட்டதாரி ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 36,400 ரூபாயில் தொடங்குகிறது. மலைப்பகுதி என்பதால் மலைப்படியும் குளிர்காலப்படியும் உண்டு. அகவிலைப்படியும் சேர்ந்தால், மென்பொருள் நிறுவனத்தில் புதிதாகச் சேரும் பலரது சம்பளத்தைவிடக் குறைவில்லை. சம்பளம் தடையாக இல்லை. தடை, நியமனத் தேர்வு எப்போது வரும் என்று தெரியாத காத்திருப்பு. இருபத்து மூன்று வயதில் தேறியவர் முப்பது தாண்டியும் தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்கு நிற்கும் நிலையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆசிரியர் பணியை அறப்பணி என்று மேடையில் பாராட்டுகிறவர்கள் இந்தக் காத்திருப்பைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்கு அதில் கோபம் உண்டு.

இன்னொரு சிக்கல் மலைக்கே உரியது. சமவெளியிலிருந்து நியமனம் பெற்று வருபவர்கள் ஜூன், ஜூலை மழையில் தவித்துப்போகிறார்கள். சாதாரண மழை இல்லை. 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. மண் சரிந்தால் சாலை இல்லை, மின்சாரம் இல்லை, பள்ளி இல்லை. டிசம்பரில் உறைபனி. மஞ்சூரில் வாடகைக்கு நல்ல வீடு கிடைப்பது அரிது. அடுத்த இடமாறுதல் கலந்தாய்வில் சொந்த மாவட்டத்துக்குப் போகத்தான் பார்ப்பார்கள். இயற்பியல் ஆசிரியர் நடுவில் போய்விட்டால், அடுத்தவர் வரும்வரை அந்த பிளஸ் டூ வகுப்பு என்ன செய்யும்? கிண்ணக்கொரையிலிருந்து வரும் ஒரு மாணவி அந்த ஆண்டு கைவிட்ட இயற்பியலை வாழ்க்கையில் மறுபடி எடுக்க மாட்டாள். அதனால்தான் இந்த மலையில் பிறந்து, இந்த மழைக்குப் பழகி, படுகு மொழியும் தமிழும் பேசி வளர்ந்த ஒருவர் இங்கே ஆசிரியராக இருப்பது வெளியிலிருந்து வரும் எந்த ஏற்பாட்டையும்விட உறுதியானது.

இணையம் இருக்கிறதே, வீடியோ பார்த்துப் படித்துக்கொள்ளலாமே என்பார்கள். இருக்கிறது, நல்லதும்கூட. சென்னை ஐ.ஐ.டி. முன்னின்று நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாகக் கேட்கலாம். ஜே.இ.இ. இல்லாமலே அந்த ஐ.ஐ.டி.யின் தரவு அறிவியல் பட்டத்தில் சேரலாம். செயற்கை நுண்ணறிவிடம் கேள்வி கேட்டால் நொடியில் பதில் வருகிறது. ஆனால் இவற்றையெல்லாம் பயன்படுத்த, முதலில் கேள்வி எழ வேண்டும். பிளஸ் டூ கணினி அறிவியல் புத்தகத்தில் இன்று பைத்தான் இருக்கிறது. அதில் முதல் பிழை வந்து திரை சிவப்பாகும்போது, ‘எனக்கு இது வராது’ என்று ஒதுங்கும் பிள்ளையைக் கவனித்து, பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்காருவது எந்தத் திரையும் செய்யாத வேலை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அந்த இடத்தில் அப்பாவோ அண்ணனோ உட்காருவார். தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கு ஆசிரியர் மட்டும்தான்.

ஆசிரியராவது என்று முடிவெடுத்தவர்களிடம் நான் ஒன்றைத்தான் வற்புறுத்துவேன். பாடத்தை ஆழமாகப் படித்துவிட்டு வாருங்கள். வேறெதுவும் கிடைக்காததால் பி.எட். என்று வருகிறவரால் மாணவனிடம் ஆசையை மூட்ட முடியாது. இயற்பியல் என்றால் முத்தோரைக்குப் போய் அங்கே இருப்பவர்களிடம் பேசுங்கள். மின்னியல் என்றால் மின்வாரியப் பொறியாளர்களிடம் கெத்தை இயந்திரத்தின் கதையைக் கேளுங்கள். அரசுப் பள்ளி நியமனம் வரும்வரை கற்பிக்காமல் இருக்கவும் வேண்டியதில்லை. குன்னூர் ஐ.டி.ஐ. மாதிரியான இடங்களில் மோட்டார் சுற்றச் சொல்லித்தருபவரும் எதிர்காலத் தொழில்நுட்பத்துக்குத்தான் ஆள் தயாரிக்கிறார். அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கிய 2021இல், ஊர் ஊராகச் சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் எத்தனையோ பேர் நல்ல ஆசிரியர்கள். பட்டியலில் பெயர் வராதவர்கள், அவ்வளவே.

அரசிடம் கேட்பதற்கும் பெரிய பட்டியல் என்னிடம் இல்லை. மஞ்சூரில் ஆசிரியர்களுக்கு, குறிப்பாகத் தனியாக வரும் பெண் ஆசிரியர்களுக்கு, மழைக்கு ஒழுகாத குடியிருப்பு வேண்டும். குந்தா வட்டப் பள்ளிகளின் ஒவ்வொரு ஒன்பதாம் வகுப்பும் ஆண்டுக்கு ஒருமுறை முத்தோரைக்கும் ஒரு மின்நிலையத்துக்கும் போய்வர பேருந்துச் செலவு வேண்டும். நியமனத் தேர்வை ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் நடத்துவோம் என்று அறிவித்து, அதன்படி நடத்த வேண்டும். மூன்றாவது ஒன்று மட்டும் நடந்தாலே மஞ்சூரிலிருந்தும் எமரால்டிலிருந்தும் விண்ணப்பங்கள் தானாக வரும்.

(தொடரும்)

அடுத்த வாரம்: கெத்தைச் சாலையில் யானைக்கு வழிவிட்டுக் காத்திருக்கும் அரசுப் பேருந்து ஓட்டுநர்கள்